கென்ட் பண்ணையும் டாலர் பண்ணையும்

எல்லைப்புறத்தில் தோன்றி மறைந்த இரு சிற்றூர்களின் வரலாறு

கென்ட் என்பது இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஒரு மாவட்டத்தின் பெயர். டாலர் என்பது அமெரிக்கருடைய நாணயத்தின் பெயர். இவ்விரு பெயர்களும் இலங்கைத் தீவின் வன்னிக் காட்டில், பாலை மரங்களுக்கும் முதிரை மரங்களுக்கும் இடையே, இரண்டு விவசாயப் பண்ணைகளுக்கு அமைந்தன. அப்பண்ணைகளில் குடியேறி உழுதவர்களோ இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் கண்டவர் அல்லர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்து வந்த தமிழ்க் குடும்பத்தினர் அவர்கள். அங்கு அவர்கள் வாழ்ந்தது ஆறேழு ஆண்டுகளே. ஆயினும் அந்தக் குறுகிய காலத்துள் அவ்விரு சிற்றூர்களின்மீது வந்து விழுந்த துயரங்களை எழுதப் புகுந்தால் ஒரு நாட்டின் வரலாற்றையே எழுதியாக வேண்டும்.

அந்தமான் தீவுகளில் வாழும் நமக்கு இந்த வரலாறு எதற்கு என்று நேயர்கள் வினவலாம். நம்முள் பலர் இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த குடும்பத்தினர். ஆனால் நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து அழைத்து வரப்பெற்ற தமிழ்க் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்த உடன்பிறப்புகளுள் அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றுக் கடல் கடந்திருக்க, தம்பி வவுனியாக் காட்டுக்கு நடந்திருத்தல் கூடும். ஆகவே அவ்வரலாறு நம் உறவினர் வரலாறே ஆகும்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்பண்ணைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பாதிக் கதையையே பேசுகின்றனர். ஒரு சாரார் தமிழர் வெளியேற்றப்பட்டதைச் சொல்லி அங்கே நிறுத்திக்கொள்கின்றனர். மற்றொரு சாரார் சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பத்தினரும் கொல்லப்பட்டதிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். நம் பிள்ளைகள் முழுக் கதையையும் அறிதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

நாடற்றவர் ஆன கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைகளில் முதலில் காப்பியையும், காப்பிச் செடி நோயுற்று அழிந்தபின் தேயிலையையும் பயிரிட்டனர். அத்தோட்டங்களுக்கு வேலையாட்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தே சென்றனர். கங்காணிமார் திரட்டிக் கொண்டுபோன அம்மக்கள் காட்டை வெட்டினர்; பாதை போட்டனர்; செடி நட்டனர். அந்நாட்டின் செல்வம் அவர்களுடைய விரல் நுனியில் விளைந்தது.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டிலேயே இயற்றப்பெற்ற குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியர் அல்லாதவர் ஆயினர். வாக்குரிமையும் அடுத்து அவர்களைவிட்டுப் போயிற்று. பின்னர் 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாடற்றோர் எனக் கணக்கிடப்பெற்ற 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வதென்றும் அதில் எழுதினர். 1974-இல் அந்த எச்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாக, ஆளுக்கு 75,000 பேராகப் பகிர்ந்துகொண்டன. பாகப் பத்திரத்தில் ஆடுமாடுகளைப் பங்கிடுவது போன்று மனிதர் பங்கிடப்பட்டனர். அவர்களுடைய விருப்பத்தை வீடுதோறும் சென்று கேட்டவர் இல்லை.

உடன்படிக்கை எழுதப்பெற்ற அதே ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடித் துறையையும் அதற்குச் சென்ற இருப்புப்பாதையையும் அழித்தது. ஆதலின் தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்திறங்கி, மண்டபம் முகாமில் பதிவு பெற்று, அங்கிருந்து பல திசைகளுக்கும் பிரிந்தனர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் பலர். கச்சால் தீவுக்கு வந்தோர் சிலர். இந்தியாவுக்கு வர மனம் இல்லாதோரும், வரிசையில் தம் முறை வராதோரும் இலங்கையிலேயே நின்றனர்.

பசியும் கலவரமும்

நின்றவர்களுக்கு வந்த முதல் துன்பம் பசி. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாயிற்று. நகரத்தாரும் கிராமத்தாரும் ஏதோ ஒரு கொல்லையில் மரவள்ளியாவது நட்டுக்கொண்டனர். தோட்டத் தொழிலாளிக்கோ லயத்து அறையைத் தவிர ஒரு சாண் நிலமும் சொந்தம் இல்லை. பட்டினியால் மாண்டோர் பெரும்பாலும் தோட்டங்களிலேயே மாண்டனர். 1972-இலும் 1975-இலும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. அதனால் தொழிலாளர்க்கு நிலம் கிடைக்கவில்லை. பல இடங்களில் இருந்த வேலையும் போயிற்று.

இரண்டாவது துன்பம் கலவரம். 1977 ஆகஸ்டில், பொதுத் தேர்தல் முடிந்த சில வாரங்களில், தமிழருக்கு எதிரான வன்செயல் நாடெங்கும் பரவிற்று. மலைநாட்டின் லயங்கள் கொள்ளையிடப்பட்டன, எரிக்கப்பட்டன. அங்கிருந்து உயிர் தப்பியோர் மூட்டை முடிச்சுகளோடு வடக்கு நோக்கி நடந்தனர். கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் மதவாச்சிச் சந்திப்பைத் தாண்டினால் அடுத்த பெரிய நிலையம் வவுனியா. தமிழ் பேசும் ஊர், காட்டு நிலம் உள்ள ஊர் என்னும் இரு நம்பிக்கைகளால் அவர்கள் அங்கே இறங்கினர். 1981-இல் மீண்டும் கலவரம் மூண்டபோது மேலும் பல குடும்பங்கள் அதே வழியில் வந்து சேர்ந்தன.

வந்தவர்களை வன்னித் தமிழர் அனைவரும் தழுவி ஏற்றனர் என்று எழுதினால் அது பொய்யாகும். உதவி செய்தோர் பலர் இருந்தனர். ஆனால் மலிவான கூலிக்கு ஆள் கிடைத்தது என்று மகிழ்ந்த நிலக்காரரும் இருந்தனர். 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல் தமிழ் வாயிலிருந்தே பிறந்தது. தம் இனத்தாரிடையேயும் அயலாராய் நிற்க நேரும் நிலை குடிபெயர்ந்தோர்க்குப் புதிதன்று. நம் தீவுகளுக்கு முதன்முதல் வந்த பெரியவர்களும் அதனை அறிவர்.

மணலாற்றுப் பண்ணைகள்

முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, அநுராதபுரம் என்னும் நான்கு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தை ஒட்டிய நிலப்பரப்பு மணலாறு எனப்படும். மழை பெய்தால் விளையும், பொய்த்தால் காயும். அவ்வட்டாரத்தில் 1960-களில் அரசு காட்டு நிலத்தைத் தமிழ் முதலீட்டாளர்க்கும் குழுவினர்க்கும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அவ்வாறு எழுந்த பண்ணைகளின் பெயர்களே சுவையானவை: நாவலர் பண்ணை, சிலோன் தியேட்டர்ஸ் பண்ணை, போஸ்ட்மாஸ்டர் பண்ணை, ரயில்வே குரூப் பண்ணை, கென்ட் பண்ணை, டாலர் பண்ணை. இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அவற்றுள் ஒரு பெயர் நெஞ்சைத் தொடுகின்றது. சம்பள நாளை எண்ணி வாழும் எழுத்தருக்கும் 'நமக்கென்று கொஞ்சம் நிலம்' என்னும் ஆசை எத்துணை ஆழமானது என்பதை அப்பெயர் காட்டுகின்றது.

ஆனால் நகரத்தில் இருந்துகொண்டு காட்டில் பயிர் செய்தல் எளிதன்று. முதலீடு செய்தோர் பலர்க்கு அம்முயற்சி கைகூடவில்லை. 1977-க்குப் பின் அகதிகள் வந்து குவிந்தபோது, கென்ட், டாலர் முதலிய பண்ணைகளில் அவர்களைக் குடியமர்த்தத் தொண்டு அமைப்புகள் முன்வந்தன. அவற்றுள் தலையாயது காந்தீயம்.

காந்தீயம் 1970-களின் பிற்பகுதியில் வவுனியாவில் தோன்றிற்று. அதனை நடத்தியோர் இருவர். ஒருவர் எஸ். ஏ. டேவிட் என்னும் கட்டடக் கலைஞர். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னிற் பிறந்தவர். அயல்நாட்டிலும் கற்றுத் தொழில் செய்தவர். மற்றவர் டாக்டர் எஸ். இராஜசுந்தரம் என்னும் மருத்துவர். நிலமற்றவர்க்கு நிலம், சிறுவர்க்குப் பாலர் பள்ளி, நோயுற்றோர்க்கு ஊர் தேடிச் செல்லும் மருத்துவம், பெண்களுக்குப் பயிற்சி ஆகியவை அதன் பணிகள். ஐரோப்பிய அறநிறுவனங்கள் சில பொருளுதவி செய்தன.

கூட்டுழவு

தேயிலைக் கொழுந்து பறிக்கத் தெரிந்த கைக்கு வன்னி நிலத்தை உழுதல் புதிய கல்வி. மலைநாட்டில் குளிரும் தூறலும்; இங்கே கொதிக்கும் வெயில். அங்கே ஆண்டு முழுதும் கொழுந்து. இங்கே வடகிழக்குப் பருவக்காற்று மழை தரும் மாரிப் போகமே உயிர். ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்தால் நெல்; நிறையாவிடில் புன்செய்ப் பயிரே கதி. உளுந்து, பயறு, எள்ளு, நிலக்கடலை, மிளகாய் ஆகியவை அம்மண்ணுக்கு ஏற்றவை. இரவில் காட்டுப்பன்றியும் யானையும் வரும். பரண் கட்டி, நெருப்பு வளர்த்து, முறை வைத்துக் காவல் காத்தல் வேண்டும். மலேரியாக் காய்ச்சல் வேறு.

இத்தகைய இடத்தில் ஒரு குடும்பம் தனித்து நின்று வாழ இயலாது. காடு வெட்டப் பல கைகள் வேண்டும். கிணறு தோண்டப் பல கைகள் வேண்டும். முதல் அறுவடை வரும் வரையில் உண்ணப் பொதுக் களஞ்சியம் வேண்டும். அதனால் வன்னியின் அகதிக் குடியிருப்புகளில் கூட்டு உழைப்பு என்பது கொள்கையாக மட்டும் இராமல் தேவையாகவும் இருந்தது. காந்தியடிகளின் கிராமப் பொருளாதாரக் கருத்து நூலில் படித்தவர்க்கு இலட்சியமாகத் தோன்றும்; கிணற்று நீரைப் பங்கிட்டு வாழ வேண்டிய அகதிக்கு அது அன்றாட வாழ்க்கை.

ஒரு குறை மட்டும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. உழைப்பு குடியேறியோருடையது, ஆனால் நிலத்தின் பத்திரம் அவர்கள் பெயரில் இல்லை. குத்தகை வேறொருவர் பெயரில். மேற்பார்வை தொண்டு அமைப்பிடம். நிலத்தின் முடிவான உரிமை அரசிடம். இம்மூன்றுக்கும் நடுவே உழுதவனுக்குக் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அவர்களுள் பலர்க்குக் குடியுரிமைச் சான்றும் இல்லை என்பதையும் சேர்த்து எண்ணினால், அவர்கள் எத்துணை மெல்லிய தளத்தின்மீது வீடு கட்டினர் என்பது விளங்கும்.

கோடு இல்லாத எல்லை

மணலாறு இரு நாடுகளின் எல்லை அன்று. ஆயினும் அது வழக்குக்குரிய எல்லையே. தமிழர் வாழும் வட மாகாணமும் கிழக்கு மாகாணமும் கரையோரமாகத் தொட்டுக்கொள்ளும் ஒடுங்கிய பகுதி அது. அதன் தெற்கே பதவியா என்னும் பழம்பெருங் குளம் உள்ளது. 1950-களில் அக்குளத்தைப் புதுக்கி அரசு குடியேற்றம் நடத்திற்று. திருகோணமலையில் ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் மூடப்பட்டு வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்க்குப் பதவியாவில் நிலம் தருவதென்று கருதப்பட்டபோது, 1958-இல் சிங்களத் தொழிலாளர் முந்திச் சென்று அந்நிலத்தைப் பிடித்துக்கொண்டனர். குடியேற்ற நிலத்தை வட்டார சபைகளே பகிர்ந்தளிக்க வழிசெய்த பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் 1957 ஜூலையில் எழுதப்பெற்று, அதே 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது.

1976 மே 14-இல் வட்டுக்கோட்டையில் கூடிய தமிழர் தலைவர்கள் வடக்கும் கிழக்கும் இணைந்த தனிநாட்டைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றினர். அது முதல் மணலாறு இரு தரப்பார் கண்ணிலும் நிலப்பாலமாகத் தோன்றலாயிற்று. பாலத்தைக் காக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். அறுக்க வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். பாலத்தின்மேல் குடிசை கட்டியிருந்தவர்களோ அடுத்த மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

காந்தீயத்தின் பண்ணைகள் ஆயுதம் ஏந்திய இளைஞர்க்குப் புகலிடம் என்று அரசு குற்றஞ்சாட்டிற்று. அவ்வமைப்பினுள்ளே 'புளொட்' இயக்கத்தாரின் செல்வாக்கு வளர்ந்திருந்தது என்பது உண்மையே. ஆனால் இயக்கம் நடத்தியோர் சிலர்; பயிர் செய்தோர் பலர். தண்டனை வந்தபோது அவ்வேறுபாட்டைப் பார்த்தவர் இல்லை.

வெளியேற்றம்

1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைது செய்யப்பட்டனர். அந்த ஜூலையில் மூண்ட பெருங்கலவரத்தின்போது கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே தமிழ்க் கைதிகள்மீது இருமுறை தாக்குதல் நடந்தது. ஜூலை 25-இலும் 27-இலும் மொத்தம் 53 தமிழர் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாளில் மாண்டவருள் டாக்டர் இராஜசுந்தரமும் ஒருவர். டேவிட் உயிர் பிழைத்து மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பெற்றார். செப்டம்பர் 23-இல் நிகழ்ந்த சிறையுடைப்பில் தப்பித் தமிழ்நாடு வந்து, பல்லாண்டு அங்கே வாழ்ந்து, முதுமையில் தாயகம் திரும்பி, 2015 அக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார்.

காப்பார் இல்லாத பண்ணைகளுக்கு முடிவு 1984-இன் நடுப்பகுதியில் வந்தது. கென்ட், டாலர் பண்ணைகளில் வாழ்ந்த மலையகத் தமிழர் காவல்துறையினராலும் படையினராலும் வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்தப்பட்டனர். வெட்டிய காடு, தோண்டிய கிணறு, நட்ட மரம் யாவும் பின்னே நின்றன. எந்த வழக்குமன்றத்துக்கும் அவர்கள் செல்ல இயலவில்லை. காட்டுவதற்குப் பத்திரம் வேண்டுமன்றோ?

காலியான பண்ணைகளை அரசு திறந்தவெளிச் சிறைச்சாலைகளாக ஆக்கிற்று. சிங்களக் கைதிகள் தம் மனைவி மக்களோடு அங்கே குடியமர்த்தப்பட்டனர். அவர்களும் எளியவர்களே, அனுப்பிய இடத்துக்குச் சென்றவர்களே. முன்னவர் வேலியாகக் கருதப்பட்டு அகற்றப்பட்டனர். பின்னவர் வேலியாகவே கொண்டுவந்து நடப்பட்டனர்.

நவம்பர் 30

1984 நவம்பர் 30-இல் விடுதலைப் புலிகள் அவ்விரு பண்ணைகளையும் தாக்கினர். டாலர் பண்ணையில் 33 பேரும் கென்ட் பண்ணையில் 29 பேருமாக 62 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்குக் கூறுகின்றது. சிறைக் காவலர் சிலர் நீங்கலாக எஞ்சியோர் கைதிகளும் அவர்தம் குடும்பத்தினருமே. பெண்கள் இருந்தனர், குழந்தைகள் இருந்தனர். அடுத்த நாள் கொக்கிளாய், நாயாறு ஆகிய இடங்களில் சிங்கள மீனவர் தாக்கப்பட்டனர்.

இந்தப் பத்தியை நம் இதழில் எழுதும்போது, 'நம்மவர் பட்டதை மட்டும் எழுதினால் போதாதா?' என்று கேட்போர் இருக்கக்கூடும். போதாது என்பதே நம் விடை. அப்பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்ட தமிழ்க் குழந்தை எக்குற்றமும் செய்யவில்லை என்று நாம் சொல்வோமாயின், அதே மண்ணில் மாண்ட கைதியின் குழந்தையும் எக்குற்றமும் செய்யவில்லை என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள் ஆகின்றோம். பறித்தவர்மேல் கொண்ட சினத்தைப் பறித்த இடத்தில் குடிவைக்கப்பட்டவர்மேல் தீர்த்தல் வீரமும் அன்று, அறமும் அன்று. துரத்தப்பட்ட மலையகத்தார்க்கு அதனால் ஒரு குழி நிலமும் மீளவில்லை என்பதையும் கருதல் வேண்டும்.

பழிக்குப் பழி உடனே வந்தது. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அருகிலுள்ள ஒதியமலை என்னும் தமிழ்ச் சிற்றூரில் படையினர் ஆடவரைத் திரட்டிச் சுட்டனர். முப்பதளவினர் மாண்டனர். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய பழைய தமிழ் ஊர்களின் மக்கள் அம்மாதத்திலேயே வீடுவாசலை விட்டு வெளியேறினர். பல்லாண்டு திரும்ப இயலாது அகதிகளாக அலைந்தனர். இரண்டு பண்ணைகளில் மூண்ட தீ ஒரு வட்டாரத்தையே சுட்டது.

பெயரும் மாறிற்று

1988 ஏப்ரலில் அரசிதழ் அறிவிப்பின் வழியாக மணலாறு 'வெலி ஓயா' ஆயிற்று. சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல். 'ஓயா' என்றால் ஆறு. சொல் மொழிபெயர்க்கப்பட்டது, பொருள் மாறவில்லை, உரியவர் மாறினர். மகாவலித் திட்டத்தின் 'எல்' வலயமாக அங்கே சிங்களக் குடியேற்றம் விரிந்தது. அக்குடியேறிகளும் அமைதியை அடைந்தார் அல்லர். 2009 மே மாதத்தில் போர் முடியும் வரையில் அவர்கள் படை முகாம்களின் நிழலில், இரவில் உறக்கமின்றி வாழ்ந்தனர். இன்று வெலி ஓயா முல்லைத்தீவு மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்று. சுற்றுப்புறத் தமிழ் ஊரார் போருக்குப் பின் திரும்பி வந்தபோது, தம் வயல்கள் பலவற்றைப் பிறர் உழுதுகொண்டிருப்பதைக் கண்டனர். அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை.

பண்ணைகளை இழந்த மலையகத்தார் என்ன ஆயினர்? சிலர் மலைக்கே மீண்டனர். சிலர் வன்னியின் வேறு மூலைகளில் கூலிகளாயினர். 1983-க்குப் பின் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்த அகதிகளுள் மலையகத் தமிழர் பல்லாயிரவர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இந்திய மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமைக்குக் காத்திருக்கின்றனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. 1948-இல் பறித்ததைத் திருப்பித் தர 55 ஆண்டுகள் சென்றன.

உலகத்தின் பிற எல்லைகளில்

உழவனை எல்லைக்கு வேலியாக நிறுத்தும் வழக்கம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. யூதர் பாலஸ்தீனத்தில் 1910-இல் தெகானியா என்னும் முதற் கூட்டுப்பண்ணையை அமைத்தனர். 'கிபுட்சு' எனப்படும் அவ்வகைப் பண்ணைகளில் நிலமும் வருவாயும் பொது, சமையற்கூடமும் பொது. பின்னாளில் அத்தகைய பண்ணைகள் பல, எல்லையைக் காப்பதற்கென்றே இடம் பார்த்து நடப்பட்டன. காசா எல்லையருகே 1951-இல் படைவீரர் குடியிருப்பாகத் தொடங்கி 1953-இல் உழவர் ஊராக மாறிய நாகல் ஓஸ் அவற்றுள் ஒன்று. எல்லைக்கு அப்பால் காசாவில் வாழ்வோருள் பெரும்பாலோர் 1948-இல் ஊரிழந்து வந்தோரும் அவர்தம் வழியினரும் ஆவர். 2023 அக்டோபர் 7-இல் நாகல் ஓஸ் தாக்கப்பட்டது. அவ்வூரார் சிலர் கொல்லப்பட்டனர். சிலர் பணயமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதன்பின் மூண்ட போரில் காசாவின் ஊர்கள் மண்மேடாயின. இரு கரையிலும் முதலில் விலை கொடுத்தவர் ஏர் பிடித்தவரும் அவர் பிள்ளைகளுமே.

நம் தீவுகளிலும் எல்லைக் குடியேற்றம் உண்டு. பெரிய நிக்கோபாரில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. இந்தியாவின் தென்கோடியில் ஆள் நடமாட்டம் இருத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் அவர்களுக்கு நிலம் அரசால் முறையாக ஒதுக்கப்பட்டது. இந்தோனேசியாவுடனான கடலெல்லையும் 1974-இல் இரு நாடுகளின் உடன்படிக்கையால் வரையறுக்கப்படலாயிற்று. அங்கே கடல் பொங்கியதே அன்றி அயலார் படை பொங்கவில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அவ்வூர்களையும் கச்சாலையும் அழித்தது நாம் மறக்கக்கூடியதன்று.

எனினும் ஒன்றை நாம் நினைவில் வைத்தல் நன்று. பெரிய நிக்கோபார் ஷொம்பென் மக்களும் நிக்கோபாரியரும் நமக்கு முன்பே வாழ்ந்த நிலம். தெற்கு அந்தமானிலும் நடு அந்தமானிலும் ஜாரவா மக்களின் காடு நம் வயல்களை ஒட்டியே நிற்கின்றது. குடியேறி வந்த எளியவர் என்னும் முறையில் நமக்கு உரிமை உண்டு. நமக்கு முன் இருந்தவர் என்னும் முறையில் அவர்களுக்கு அதனினும் மூத்த உரிமை உண்டு. மணலாற்றில் ஒருவர் உரிமையை அழித்தே மற்றவர் குடிவைக்கப்பட்டார். அந்தத் தவற்றின் விலையை மேலே கண்டோம்.

நாம் செய்யத்தக்கவை

வரலாற்றைப் படித்துப் பெருமூச்சு விடுவதோடு நில்லாமல், அதனின்றும் சில காரியங்களை நாம் மேற்கொள்ளலாம்.

முதலாவது, பத்திரம். நம் சங்கத்துக் குடும்பங்களுள் பல இன்னும் வாய்மொழி உரிமையிலேயே வீடு கட்டியும் தென்னை வைத்தும் வாழ்கின்றன. 'இத்தனை ஆண்டு இருந்துவிட்டோம். இனி யார் எழுப்பப் போகிறார்கள்?' என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கென்ட் பண்ணையாரும் அவ்வாறு எண்ணியிருக்கக்கூடும். ஒதுக்கீட்டு ஆணை, வரி ரசீது, குடும்ப அட்டை, பிறப்புச் சான்று ஆகியவற்றை ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உறையில் இட்டு, நனையாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஆழிப்பேரலையில் உயிர் தப்பியும் காகிதம் இழந்து அலைந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை புரியும்.

இரண்டாவது, பெரியவர்களின் நினைவு. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த முதல் தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், உடன்பிறந்தோருள் யார் அங்கே நின்றனர், அவர்கள் பின்னர் எங்கே சென்றனர் என்பவற்றைப் பேரப்பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அரசாங்க ஏட்டில் அவர்கள் எண்களாகவே இருக்கின்றனர். வீட்டுக் குறிப்பேட்டிலாவது பெயர்களாக இருக்கட்டும்.

மூன்றாவது, முழுக் கதை சொல்லும் துணிவு. பிள்ளைகளிடம் மணலாற்றைப் பற்றிப் பேசும்போது, 1984-இன் நடுவில் வண்டியேற்றப்பட்டவர்களையும் சொல்லுங்கள், நவம்பர் 30-இல் மாண்டவர்களையும் சொல்லுங்கள், ஒதியமலையையும் சொல்லுங்கள். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் பிள்ளை கற்பது வரலாறு ஆகாது; பகை மட்டுமே ஆகும்.

கென்ட், டாலர் என்னும் பெயர்களை வைத்தவர் எவராயினும், அம்மண்ணுக்கு உண்மையில் பெயர் தந்தவர் அங்கே வியர்வை சிந்தியவர்களே. முதலில் கிணறு தோண்டியவர் தமிழர். பின்னர் அக்கிணற்றில் நீர் மொண்டவர் சிங்களர். தண்ணீர் இருவர்க்கும் ஒரே சுவையாகவே இருந்திருக்கும். அதனை இருவரும் பகிர்ந்து குடிக்கும் வழியை அந்நாட்டுத் தலைவர்கள் தேடியிருந்தால், இந்தக் கட்டுரைக்கு இடமே இருந்திராது.